பழைய கிராபிக்ஸ் கார்டு, புதிய விண்டோஸ்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

2006 முதல் 2012 வரை வந்த கார்டுகளை விண்டோஸ் 10, 11 கணினிகளில் போட்டு, அந்தக் காலத்து விளையாட்டுகளை ஓட்ட நினைப்பவர்களுக்கு இது. கோளாறு என்றதும் பலரும் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றுவதிலிருந்து தொடங்குகிறார்கள். பாதி நேரம் அது வீண் வேலை. காரணம் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: மதர்போர்டின் பயாஸ் (விண்டோஸுக்கு முன் எழும் அடிப்படை நிரல்), டிரைவர், விண்டோஸ் திரையை வரையும் முறை, அல்லது விளையாட்டு. கோளாறு எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்று கவனித்தாலே இடம் பிடிபட்டுவிடும். ஆகவே சுவிட்ச் போட்ட நொடியிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் கார்டுக்குரிய கடைசி டிரைவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் புதியதைத் தேடி அலைய வேண்டாம், கிடைக்காது.

- ஜீஃபோர்ஸ் 6, 7: 309.08 (2015). விண்டோஸ் 8 காலத்தது, 10இல் பெரும்பாலும் ஏறும்.
- ஜீஃபோர்ஸ் 8, 9, 100, 200, 300: 342.01 (டிசம்பர் 2016).
- ஜீஃபோர்ஸ் 400, 500: 391.35 (மார்ச் 2018).
- ஜீஃபோர்ஸ் 600, 700இல் கெப்ளர் சிப் உள்ளவை: விளையாட்டுக்கான கடைசி வெளியீடு 472.12 (2021).
- ரேடியான் எச்டி 2000, 3000, 4000: விண்டோஸ் 7க்கு கேட்டலிஸ்ட் 13.9 லெகசி, விண்டோஸ் 8க்கு 13.1 லெகசி, விண்டோஸ் 10க்கு விண்டோஸ் அப்டேட் தரும் 8.970.100.9001.
- ரேடியான் எச்டி 5000, 6000: கேட்டலிஸ்ட் 15.7.1 (ஜூலை 2015). அதற்குப் பின் வந்த கிரிம்சன் 16.2.1 பீட்டாவும் உண்டு.

பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜிடி 610 என்பது 600 வரிசைப் பெயர், ஆனால் உள்ளே இருப்பது 500 வரிசையின் ஃபெர்மி சிப். அதற்கு 391.35தான். ஜீஃபோர்ஸ் 405க்குள் இருப்பதோ 200, 300 காலத்துச் சிப், அதற்கு 342.01. ஜிபியூ-இசட் என்ற இலவசக் கருவி சிப்பின் உண்மையான பெயரைக் காட்டும். பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கப்பட்ட போலிகளையும் அது பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று போட்டுக் காட்டிக்கொடுக்கும். டிரைவர் “பொருத்தமான ஹார்டுவேர் இல்லை” என்று அடம்பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ், ரேடியான் 9000 போன்ற இன்னும் பழைய கார்டுகளை விண்டோஸ் 10க்குக் கொண்டுவர முயல வேண்டாம். அவற்றின் நல்ல டிரைவர்கள் எக்ஸ்பியின் அமைப்புக்கு எழுதப்பட்டவை. விண்டோஸ் 7 வரை அந்த அமைப்பை ஏற்றுக்கொண்டார்கள், விண்டோஸ் 8இல் கதவை மூடிவிட்டார்கள். அந்தக் கார்டுகளுக்குத் தனியாக ஒரு எக்ஸ்பி கணினிதான் மரியாதை.

சுவிட்ச் போட்டதும் திரை கருப்பு, அல்லது பீப் ஒலி

விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, எனவே டிரைவரைக் குறை சொல்ல இடமில்லை. சுமார் 2012க்கு முந்தைய கார்டுகளில் பழைய முறை வீடியோ பயாஸ் மட்டுமே இருக்கும். யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் உள்ள மதர்போர்டு எதிர்பார்ப்பது ஜிஓபி என்ற வேறொரு சிறு நிரல். அது கார்டில் இல்லாவிட்டால், போர்டில் சிஎஸ்எம் என்ற பழைமை இணக்கப் பகுதி இயங்கினால்தான் படம் வரும். விண்டோஸ் 11 போட்ட கணினிகளில் பெரும்பாலும் அது அணைக்கப்பட்டிருக்கும்.

1. பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் அடுத்து செய்யப்போகும் மாற்றம் அந்த எண்ணைக் கேட்க வைக்கும்.
2. வேறு கார்டையோ பிராசஸரின் உள் கிராபிக்ஸையோ வைத்து பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்து, சிஎஸ்எம்மை இயக்குங்கள்.
3. சிஎஸ்எம்முக்குள் வீடியோவுக்கு மட்டும் ‘லெகசி’ வையுங்கள். சேமிப்பகமும் பூட்டும் யூஇஎஃப்ஐயிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் லெகசிக்கு மாற்றினால் ஜிபிடி முறையில் பிரித்த வட்டிலுள்ள விண்டோஸ் தெரியாமல், “பூட் சாதனம் இல்லை” என்று நிற்கும்.
4. சேமித்து, கணினியை அணைத்து, பழைய கார்டைச் செருகுங்கள்.

சிஎஸ்எம்மே இல்லாத போர்டாக இருந்தால், உள் கிராபிக்ஸை முதன்மையாக வைத்து, பழைய கார்டை இரண்டாவதாகப் போடுங்கள். விண்டோஸ் ஏறியபின் டிரைவர் பல நேரங்களில் கார்டை எழுப்பிவிடும். பயாஸ் திரை மட்டும் அந்தக் கார்டு வழியாக வராது.

சிஎஸ்எம் சரியாக இருந்தும் படம் இல்லையென்றால் கார்டு செருகிய பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையின் வேகத்தை ‘ஆட்டோ’விலிருந்து ஜென் 1 அல்லது ஜென் 2க்கு மாற்றுங்கள். முதல் தலைமுறைக் கார்டுகள் சில, புதிய போர்டோடு வேகம் பேசி முடிக்கும் இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். மின் இணைப்பையும் கண்ணால் பாருங்கள். துளை தருவது அதிகபட்சம் 75 வாட், 6 முனை இணைப்பு 75, 8 முனை 150. எச்டி 4850க்கு 6 முனை ஒன்று. ஜிடிஎக்ஸ் 280 தனியாகவே 236 வாட் வரை கேட்கும், அதற்கு 6 முனை ஒன்றும் 8 முனை ஒன்றும் வேண்டும்.

பயாஸ் திரையிலேயே வண்ணக் கோடுகளோ, எழுத்துகளுக்கு இடையே ஒழுங்கான இடைவெளியில் புள்ளிகளோ தெரிந்தால் கார்டின் நினைவகம் அல்லது சிப்பின் அடிப் பற்றவைப்பு போய்விட்டது என்று பொருள். எந்த டிரைவரும் அதைக் குணப்படுத்தாது. அடுப்பில் வைத்துச் சுடும் வைத்தியம் சில நாள் தாங்கலாம், பிறகு அதே கதைதான். வீட்டு அடுப்பில் செய்யவே வேண்டாம், அந்தப் பலகையில் ஈயம் இருக்கலாம்.

விண்டோஸ் சின்னம் வருகிறது, பிறகு திரை அணைகிறது

சின்னம் வரை படம் காட்டியது அடிப்படை முறை. அணைந்த நொடியில்தான் உண்மையான டிரைவர் கையேற்றது. முதல் சந்தேகம் மானிட்டர் மீது. டிரைவர் மானிட்டரிடம் “உனக்குப் பிடித்த அளவு என்ன” என்று கேட்கும், 4கே மானிட்டர் தன் அளவைச் சொல்லும், கார்டால் அது முடியாது. ஒற்றை இணைப்பு டிவிஐ 60 ஹெர்ட்ஸில் 1920×1200 வரை, இரட்டை இணைப்பு 2560×1600 வரை. 1080பி மானிட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் வேலை முடிந்தது.

டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறு அடாப்டர் போட்டிருந்தால் கார்டின் பின்பக்கத்து டிவிஐ துளையை உற்றுப் பாருங்கள். ஒரு ஓரத்தில் படுக்கைவாட்டில் தட்டையான நீள் பிளவும், அதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சிறு துளைகளும் இருந்தால் அது டிவிஐ-ஐ, விஜிஏ சமிக்ஞை அதிலிருந்து வரும். பிளவு மட்டும் இருந்து நான்கு துளைகள் இல்லையென்றால் அது டிவிஐ-டி. அந்த அடாப்டர் அதில் எந்தக் காலத்திலும் வேலை செய்யாது.

மானிட்டர் சரி என்றால், பூட் ஆகும்போது மூன்று முறை வலுக்கட்டாயமாக அணைத்து மீட்புத் திரையை வரவழைத்து, சேஃப் மோடுக்குப் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கருவியால் டிரைவரைச் சுத்தமாகத் துடையுங்கள். அப்போது இணைய இணைப்பைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் அப்டேட் எதையாவது கொண்டுவந்து போட்டுவிடும்.

திரை 1024×768இல் நிற்கிறது, பெயர் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கார்டு உயிரோடு இருக்கிறது, விண்டோஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரை இருமுறை சொடுக்கி, ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பாருங்கள். முதல் எண் தயாரிப்பாளர்: 10டிஇ என்றால் என்விடியா (ஜீஃபோர்ஸ்), 1002 என்றால் ஏடிஐ அல்லது ஏஎம்டி (ரேடியான்). அடுத்த நான்கு இலக்கம் சிப். அந்த நான்கு இலக்கம் டிரைவர் பொட்டலத்தில், அது எந்தெந்தக் கார்டுக்கு என்று பட்டியலிடும் ஐஎன்எஃப் கோப்பில் இருக்கிறதா என்று நோட்பேடில் தேடுங்கள். இருந்தால் கார்டு ஏறும், நிறுவி மறுத்தாலும் கையால் ஏற்றலாம்.

1. டிரைவர் பொட்டலத்தை ஓட்டி, கோப்புகள் வட்டில் பிரிந்ததும் நிறுவியை மூடுங்கள். ஏஎம்டி பொட்டலம் சி வட்டில் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போடும். ஐஎன்எஃப் அதற்குள் ‘பேக்கேஜஸ்’, ‘டிரைவர்ஸ்’, ‘டிஸ்ப்ளே’ என்ற வழியில் இருக்கும்.
2. டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’, பிறகு கணினியில் தேடு, பிறகு பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன், பிறகு ‘ஹேவ் டிஸ்க்’.
3. ஐஎன்எஃப் கோப்பைக் காட்டி, உங்கள் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கை வரும், சிப் எண்ணைச் சரிபார்த்திருந்தால் துணிந்து ‘எஸ்’ சொல்லலாம்.

மடிக்கணினிக் கார்டு என்றால் எண் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் மடிக்கணினி நிறுவனங்களே தனி டிரைவர் தந்தன. அப்போது ஐஎன்எஃப்பில் உங்கள் எண்ணை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியிருக்கும், சேர்த்த உடனே பொட்டலத்தின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 7ஐ அழுத்துங்கள். அந்த ஒரு முறை மட்டும் விண்டோஸ் கையொப்பம் கேட்காது. ஏற்றும்போது சிவப்பு எச்சரிக்கை வரும், ‘எப்படியும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பூட்டில் கையொப்பச் சோதனை திரும்பினாலும் டிரைவர் ஓடும். ஏனென்றால் நீங்கள் தொட்டது ஐஎன்எஃப்பை மட்டும், உள்ளே இருக்கும் சிஸ் என்ற டிரைவர் நிரல் கோப்பில் தயாரிப்பாளரின் சொந்தக் கையொப்பம் அப்படியே இருக்கிறது.

மஞ்சள் முக்கோணமும் ஓர் எண்ணும்

டிவைஸ் மேனேஜர் காட்டும் பிழை எண் 52 என்றால் கையொப்பச் சிக்கல். சிஸ் கோப்பையே திருத்திய டிரைவரை யாரோ தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதைத் தூக்கிப்போட்டு மூலப் பொட்டலத்தைத் தேடுங்கள். எண் 28 என்றால் டிரைவரே இல்லை, முந்தைய பகுதிக்குப் போங்கள். எண் 43தான் வயிற்றைக் கலக்கும், ஏனெனில் அது இரண்டு பொருள் தரும்: டிரைவர் சிக்கல் அல்லது வன்பொருள் கோளாறு. சுத்தமாகத் துடைத்து, சரியான கடைசி டிரைவரை ஏற்றி, இன்னொரு கணினியிலும் போட்டுப் பாருங்கள். அங்கேயும் 43 வந்தால் கார்டு வன்பொருளாகவே போய்விட்டது. ஜீஃபோர்ஸ் 8 காலத்து மடிக்கணினிச் சிப்கள் இந்த விஷயத்தில் பலவீனமானவை. அவற்றின் சிப் பொதிப்புப் பொருளில் குறை இருப்பதை 2008 ஜூலையில் என்விடியாவே அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

விண்டோஸ் அப்டேட் இரவோடு இரவாக டிரைவரை மாற்றியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிரைவர் தேதியைப் பார்த்தால் தெரியும். ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் உயிரோடிருந்தால் அதுவே போதும். மறுபடி நடக்காமலிருக்க, கண்ட்ரோல் பேனலில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்று தேடி ‘நோ’ வையுங்கள். புரோ பதிப்பில் குரூப் பாலிசியில், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதி இருக்கிறது, அது இன்னும் உறுதியானது.

ரேடியான் எச்டி 4000 வைத்திருப்பவர்கள் மட்டும் இதை யோசித்துச் செய்யுங்கள். விண்டோஸ் 10இல் விண்டோஸ் அப்டேட் தரும் டிரைவர்தான் அவர்களுக்கு நிலையானது. என்ன, கேட்டலிஸ்ட் கண்ட்ரோல் சென்டர் அதோடு வராது.

படம் வருகிறது, சத்தம் இல்லை. அல்லது படத்தைச் சுற்றிக் கருப்புச் சட்டம்

எச்டிஎம்ஐ வழியாக ஒலி: எச்டி 2000 முதல் ரேடியான் சிப்பிலேயே ஒலிப் பகுதி உண்டு, அதற்கான டிரைவரை மட்டும் ஏற்றினால் போதும். ஜீஃபோர்ஸ் 8, 9, ஜிடிஎக்ஸ் 200 கார்டுகள் பலவற்றில் கிடையாது. மதர்போர்டின் எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஒலி முனையிலிருந்து கார்டுக்கு இரண்டு கம்பி இணைப்பு ஒன்று போக வேண்டும். கருப்புச் சட்டம் ரேடியானின் பழக்கம்: எச்டிஎம்ஐயில் மாட்டினால் டிவி என்று நினைத்துப் படத்தைச் சுருக்கும். கேட்டலிஸ்டில் ஸ்கேலிங்கை 0 சதவீதத்துக்கு இழுங்கள். கேட்டலிஸ்ட் இல்லாதவர்கள் டிவிஐயில் நேராக மாட்டுவது எளிது.

டெஸ்க்டாப் நன்றாக இருக்கிறது, விளையாட்டு திறக்கவில்லை

கார்டைச் சந்தேகிப்பதற்கு முன் மூன்றைக் கழித்துவிடுங்கள். ‘டி3டிஎக்ஸ்9’ என்று தொடங்கும் கோப்பைக் காணோம் என்றால், விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் அந்தத் துணைக் கோப்புகள் அதில் வராது. மைக்ரோசாஃப்டின் ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைமை ஏற்றுங்கள். நிறுவியே ஓடாவிட்டால் அது 16 பிட் நிறுவியாக இருக்கும், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது. குறுவட்டைப் போட்டும் “வட்டைப் போடவும்” என்றே கேட்டால் அது சேஃப்டிஸ்க் பாதுகாப்பு. விண்டோஸ் 10 அந்த டிரைவரை அடியோடு நீக்கிவிட்டது. அந்த விளையாட்டை வட்டுப் பூட்டில்லாத டிஜிட்டல் பதிப்பாக வாங்குவதுதான் வழி.

குவேக் 3 எஞ்சினில் எழுதிய விளையாட்டுகள் திறந்த நொடியிலேயே விழுந்தால் காரணம் வேறு. ஓப்பன்ஜிஎல் டிரைவர் தனக்குத் தெரிந்த நீட்சிகளின் (கூடுதல் வசதிகளின்) பெயர்களை ஒரே நீளச் சரமாகத் தரும். 1999இல் அது சின்னது, விளையாட்டும் அதற்கேற்ற சின்ன இடம்தான் ஒதுக்கியது. பிந்தைய டிரைவரின் சரம் அந்த இடத்தைத் தாண்டி வழிந்து பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடுகிறது. என்விடியாவின் பழைய டிரைவர்களில் இந்தச் சரத்தை வெட்டும் அமைப்பு ஒன்று உண்டு, அந்த விளையாட்டுக்கு மட்டும் அதை இயக்குங்கள். லினக்ஸில் மெசா என்ற திறந்த மூல டிரைவர் தொகுப்புக்கு, எந்த ஆண்டு வரையிலான நீட்சிகளைக் காட்டலாம் என்று சொல்லும் சூழல் மாறி இருக்கிறது. அதில் 2003 என்று வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

விளையாட்டு ஓடுகிறது, நிறங்கள் தாறுமாறு

256 நிற விளையாட்டுகளில் மனித முகம் பச்சையாகவும் புல்வெளி ஊதாவாகவும் தெரியும். அந்த விளையாட்டுகள் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைச் சேமிப்பதில்லை, 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணை மட்டும் வைக்கும். விளையாட்டு ஓடும்போதே வேறு நிரல் அந்தப் பட்டியலை மாற்றினால் எண் அப்படியே இருக்கும், நிறம் மாறிவிடும். விண்டோஸ் 7இல் அந்தக் குற்றவாளி எக்ஸ்ப்ளோரர். டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டு விளையாடி, முடிந்தபின் மறுபடி ஓட்டினால் சரியாகும். விண்டோஸ் 8 முதல் 8, 16 பிட் திரை முறைகளே உண்மையில் கிடையாது, விண்டோஸ் அவற்றைப் போலியாக நடிக்கிறது. ‘கம்பேட்டிபிலிட்டி’ பகுதியில் குறைந்த நிற முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதோடு ‘ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்’ வேண்டாம் என்றும் குறியிடுங்கள்.

முப்பரிமாணக் காட்சியில் பரப்புகள் வெள்ளையாகவோ காணாமலோ இருந்தால் அது கார்டின் சிப்பிலேயே விடுபட்ட வசதி. நிறப்பட்டியல் முறையில் சேமித்த பரப்புப் படங்களை ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரை சிப் நேராகப் படித்தது. ஜீஃபோர்ஸ் 6இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். 1998இன் ஃபைனல் ஃபேன்டசி 7 கணினிப் பதிப்பு அந்த வசதியைக் கேட்கும். இங்கே டிரைவர் மாற்றிப் பயனில்லை, மொழிபெயர்க்கும் ஓர் அடுக்கு வேண்டும்.

அந்த வேலைக்கு டிஜிவூடூ 2 மிக நல்ல கருவி. கிளைடு, டைரக்ட்டிரா, டைரக்ட்3டி 9 வரையிலான பழைய கிராபிக்ஸ் இடைமுகங்களை டைரக்ட்3டி 11 அல்லது 12க்கு மாற்றித் தரும். அதன் எம்எஸ் ஃபோல்டரில் எக்ஸ்86 பிரிவிலுள்ள டிஎல்எல் கோப்புகளை விளையாட்டின் இயங்கு கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, கட்டுப்பாட்டு நிரலையும் அங்கேயே ஓட்டுங்கள். விளையாட்டு நினைவகத்தைத் தவறாக எண்ணி விழுந்தால் கார்டு நினைவகத்தை 64 அல்லது 128 எம்பிக்கு இறக்குங்கள். 2 ஜிபிக்கு மேல் உள்ள எண்ணை எதிர்மறை எண்ணாகப் படிக்கும் விளையாட்டுகள் உண்டு. மூலையில் தெரியும் முத்திரையை டைரக்ட்எக்ஸ் பகுதியில் நீக்கலாம்.

டிஜிவூடூ போட்டதும் எதுவுமே திறக்கவில்லை

கார்டு மிகப் பழையது. டிஜிவூடூவுக்கு டைரக்ட்எக்ஸ் 10.1 தரத்திலாவது ஒரு சிப் வேண்டும். ரேடியான் எச்டி 3000, 4000 தேறும். ஜீஃபோர்ஸ் 8, 9, ஜிடிஎக்ஸ் 280 எல்லாம் 10.0 மட்டுமே, தேறாது. ஜிடி 220, ஜிடி 240 பெயரில் சின்னவை, ஆனால் 10.1 உண்டு. இந்தக் கருவியை நம்பியே கணினி கட்டுகிறீர்கள் என்றால் எச்டி 5770 அல்லது ஜிடிஎக்ஸ் 460 வாங்குவது எல்லா வகையிலும் மேல். இதே போன்ற இன்னொரு மொழிபெயர்ப்புக் கருவியான டிஎக்ஸ்விகேக்கு வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் இடைமுகம் வேண்டும், இந்தக் கட்டுரையின் பட்டியலில் கெப்ளர் தவிர வேறு எதற்கும் விண்டோஸில் அது கிடையாது. கெப்ளரிலும் பழைய 1.10.3 பதிப்பைப் போடுங்கள், 2.0 முதல் வல்கன் 1.3 கேட்கும்.

லினக்ஸில் எல்லாமே ஆமை வேகம்

‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளை தரும் விடையில் ரெண்டரர் வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசஸர்தான் படம் வரைகிறது. ரேடியான் 7000 முதல் 9250 வரையும், ஜீஃபோர்ஸ் 4 வரையும் உள்ள கார்டுகளின் டிரைவர்களை மெசா 22.0 வெளியேற்றிவிட்டது. அவை ஆம்பர் என்ற தனிக் கிளையில் இருக்கின்றன, அதைத் தனியாக நிறுவ வேண்டும். எச்டி 2000 முதல் 6000 வரை வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, ஆர்600 டிரைவர் இன்றும் மெசாவோடு வருகிறது. விண்டோஸில் கைவிடப்பட்ட எச்டி 4850க்கு லினக்ஸ் தரும் மரியாதை பெரிது.

என்விடியாவில் ஜீஃபோர்ஸ் 8 முதல் 300 வரைக்குக் கடைசி மூடிய டிரைவர் 340.108 (2019). புதிய கெர்னலோடு அது தானாகக் கட்டமையாது, பேட்ச் தேவை. அது வேண்டாமென்று நூவோ என்ற திறந்த மூல டிரைவருக்கு வந்தால் கார்டு பூட் ஆன குறைந்த கடிகார வேகத்திலேயே நிற்கும். ஜிடி 220, 240 காலத்துச் சிப்களிலும் கெப்ளரிலும் ரூட் உரிமையோடு டீபக் ஃபோல்டரில் உள்ள ‘பிஸ்டேட்’ கோப்பைப் படித்து, அது காட்டும் நிலைகளில் மேலானதன் எண்ணை அதே கோப்பில் எழுதினால் வேகம் ஏறும். ஒவ்வொரு பூட்டிலும் மறுபடி எழுத வேண்டும். திரை உறைந்தால் அதற்கு ஒரு படி கீழே உள்ள நிலையை வையுங்கள்.